எடுத்தவர், எடுத்த விதம்

போன வாரம் ரமணி வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தவள். தண்ணீர் சோதிக்கும் எங்கள் கூடத்தில் இப்போது அவள் வைத்ததுதான் சட்டம். புக்கிட் பாருவிலிருந்து காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? பக்கம்தான். இருந்தாலும் வேலை இருந்தால்தான் வருவாள். கையில் ஒரு படிவம். புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம்.

“அங்கிள், இந்த ஒரு கட்டத்த மட்டும் எடுத்துடலாம்னு இருக்கேன். பாத்துட்டு ஓகே சொல்லுங்க.”

பார்த்தேன். ‘மாதிரி எடுத்தவர், எடுத்த விதம்.’

“ஏம்மா?”

“பழைய ஃபைல் எல்லாம் பொரட்டிட்டேன் அங்கிள். எல்லாரும் ஒரே பதில்தான். ‘நானே நேரில் மொண்டேன்.’ நீங்க, உங்களுக்கு முன்னால இருந்தவங்க, ஏன், நானே அதத்தான் எழுதறேன். ஒரே பதில் வர்ற கேள்விய எதுக்குக் கேக்கணும்? இடம்தான் வேஸ்ட்.”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துக் காப்பியைக் குடித்து முடித்தாள். படிவத்தை வைத்துவிட்டுப் போ, எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு வரி எதிர்பார்த்திருப்பாள். ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதுங்கள் என்று மூன்று முறை கேட்டவளும் அவள்தான். இரண்டுக்கும் இதுவே பதில். அச்சில் போடு ரமணி. வெட்டாமல் போடு.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததற்கு, முந்தின வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் கண்ணாடிக் குடுவைகள் கழுவினேன். கழுவிய கண்ணாடியை மறுபடி கழுவினேன். பிறகு நிறுக்கக் கற்றேன், வடிக்கக் கற்றேன், மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றக் கற்றேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மீதி எல்லாம் கனகசபை ஐயா.

யாழ்ப்பாணத்துக்காரர். கூடத்துக்குத் தலைவர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்கூட எந்த வெயிலிலும் திறந்து நான் பார்த்ததில்லை. யாரையும் திட்டமாட்டார். தப்பு நடந்துவிட்டதென்று தோன்றினால் அந்தப் போத்தலை எடுத்து உங்கள் கையில் கொடுப்பார். “வாசியும்” என்பார். அதில் ஒட்டியிருக்கும் சீட்டை நீங்கள் சத்தமாக வாசிக்க வேண்டும். எந்த ஊர், எந்தக் கிணறு, எந்த நாள், எடுத்தவர், எடுத்த விதம். வாசிக்க வாசிக்கத் தப்பு எங்கே என்று உங்கள் வாயே உங்களுக்குச் சொல்லிவிடும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆர்செனிக் நஞ்சைக் கண்டுபிடிக்கும் சோதனையை அவர் செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர், அமிலம், துத்தநாகத் துண்டுகள். நுரைத்துக்கொண்டு வாயு கிளம்பும். கழுத்தில் செருகிய கண்ணாடிக் குழாயில் ஈயக் கரைசலில் தோய்த்த பஞ்சு, அழுகல் வாடையைப் பிடித்து நிறுத்த. அதற்கு மேலே பாதரச உப்பு ஏற்றிய ஒரு தாள் துண்டு. நஞ்சு இருந்தால் வாயுவோடு ஏறி வந்து அந்தத் தாளில் கறையாக உட்காரும். கொஞ்சமென்றால் எலுமிச்சை மஞ்சள். கூடக்கூட ஆரஞ்சு, பிறகு பழுப்பு. விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவே விடமாட்டார். வடக்கு ஜன்னலில், பகல் வெளிச்சத்தில், அதே நேரம் செய்த அளவுத் தாள்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து. “விளக்குக்கு முன்னாலை மஞ்சள் பொய் சொல்லும் காணும்.”

தண்ணீர் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. கயிறும் வாளியும் நம்முடையதாக இருக்க வேண்டும். நம் கையால் மொள்ள வேண்டும். அந்தத் தண்ணீராலேயே போத்தலை மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, கிணற்றடியிலேயே நாலு சொட்டு அமிலம் விட வேண்டும். கூடத்துக்கு வந்து விட்டுக்கொள்ளலாம் என்றால் ஆகாது. அடி ஆழத்துத் தண்ணீர் காற்றைக் கண்டால் மாறத் தொடங்கிவிடும் என்பார்.

இதில் நான் கண்டுபிடித்த சொந்தச் சுருக்குவழி ஒன்று இருந்தது. சீட்டுகளைக் காலையிலேயே, கூடத்து மேசையில் உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டிவிடுவேன். ‘நானே நேரில் மொண்டேன்’ உட்பட. வெயிலில், முட்டிமேல் வைத்து, வியர்வை சொட்டச் சொட்ட எழுதினால் மை ஊறும். எழுத்து அசிங்கமாக இருக்கும். எனக்கு எழுத்து அழகாக இருக்க வேண்டும். அப்போதே கவிதை எழுதுகிற பைத்தியம்.

வேன் ஓட்டுபவரைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். காஜா பெராங் செட்டி கம்போங்காரர், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன செட்டிகள். மாரியம்மன் என்றால் உயிர், பேச்சு முழுக்க மலாய். சீட்டு ஒட்டிய காலிப் போத்தல்களைப் பார்த்தாலே கிண்டல்தான். “லேபல் சூடா, ஆயேர் பெலும்!” லேபல் முடிஞ்சாச்சு, தண்ணிதான் இன்னும் வரலை! சிரிப்போம். வேன் கிளம்பும்.

அப்படிக் கிளம்பி ஒரு நாள் அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர், கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கேட்டிருந்தார். உண்மையில் கேட்டது அவரில்லை. பால்வெட்டும் அஞ்சலை என்ற பெண். அவள் தொல்லை தாங்காமல்தான் எழுதினேன் என்று டிரெசரே சொன்னார்.

அவள் புருஷன் வீரப்பன் தொழிலாளர் லயத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடு போடும் கொட்டாயில் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். புழுதியில் முதல் மழை விழுந்த மாதிரி கருப்புப் புள்ளிகள். அங்கங்கே தோல் காய் காயாகத் தடித்திருந்தது.

“காலு எப்படிப்பா இருக்கு?”

“பக்கத்து வீட்டுக்காரன் காலு மாதிரி இருக்குங்க. ஆணியில மிதிச்சா அவனுக்குத்தான் வலிக்கும், எனக்கு ஒண்ணும் தெரியாது.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். டிரெசர், “கொட்டாய்ல வேலை செய்யறவன் கை பின்ன பட்டு மாதிரியா இருக்கும்? சத்துக்கொறைச்சல்தான்” என்றார்.

“சத்துக்கொறைச்சல் எனக்கு இல்லீங்களா?” அஞ்சலை விடவில்லை. “நானும் அதே சோறுதானே திங்கறேன். தண்ணிங்க ஐயா. எனக்கு என்னமோ தண்ணி மேலதான். இவரு வேலை முடிஞ்சு வந்து கெணத்தடியிலயே வாளியோட அண்ணாந்து குடிப்பாரு. நான் வீட்டுக் குடத்துல இருந்துதான் குடிப்பேன். அப்புறம் இன்னொண்ணு. வயல்ல நிக்கும்போது பூண்டு வாசம் வருது. அடுப்பே இல்லாத எடத்துல யாருங்க பூண்டு வதக்குவா?”

நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேனே.

வயல் என்று அவள் சொன்னது லயத்துக்குப் பின்னால் மேட்டுச் சரிவின் அடியில் இருந்த பள்ளம். நமக்கென்று ஒரு நெல் விளையட்டும் என்று வீரப்பனும் நாலைந்து பேரும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் குறுக்கே வரப்புப் போட்டுத் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். கிணறு அதற்கும் கீழே. சரிவில் பால்மரங்களுக்கு இடையில் வருஷக்கணக்காகப் புல் மருந்து அடித்து வந்தார்கள். அது ஆர்செனிக். அந்தப் புல்லை நக்கிய மாடுகள் செத்துப்போன கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. இவை எல்லாம் என் கண் முன்னால் ஒரே பார்வையில் கிடந்தன. மேடு, பள்ளம், கிணறு. நான் கோடு போட்டு இணைக்கவில்லை.

வேனிலிருந்து கயிற்றை எடுக்கப் போனேன். அதற்குள் அஞ்சலை ஒரு பித்தளைச் செம்போடு வந்துவிட்டாள். புளி போட்டு விளக்கிய செம்பு. தங்கம் மாதிரி மின்னியது.

“இந்தாங்கய்யா. நீங்க வர்றீங்கன்னு டிரெசர் ஐயா சொன்னதும் காலையிலயே மொண்டு வச்சேன்.”

“நானே மொண்டுக்கறேம்மா. எங்க முறை அப்படி.”

“கெணத்துத் தண்ணி மொண்டு வச்சதும் கலங்கிடுதுங்க. நாலு நாழியில மஞ்சக் கசடு எறங்கும். அந்தக் கலங்கல சர்க்கார் கையில குடுக்கலாமா? வீட்டுக்கு எடுக்கற மாதிரியே தேத்தாங்கொட்டை உரசித் தெளிய வச்சிருக்கேன். டவுன்ல பெண்டஹாரா தெருக் கடையில வாங்கின நல்ல கொட்டை. பாருங்க, மொகம் தெரியுது.”

பார்த்தேன். என் முகம் தெரிந்தது. கிணற்றடி வழுக்கல். வெயில் உச்சியில். இன்னும் இரண்டு தோட்டம் பாக்கி. அவள் இரண்டு கையாலும் செம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். மரியாதையை மறுத்தால் மனசு கோணும் என்று எனக்குள் ஒருவன் சொன்னான். அந்த ஒருவன் சோம்பேறி என்று எனக்குத் தெரியும். அதே கிணற்றுத் தண்ணீர்தானே என்றேன் எனக்கு நானே. வாங்கினேன். போத்தலில் ஊற்றினேன். நாலு சொட்டு அமிலமும் விட்டேன், ஏதோ அதில் குறை வைக்காதவன் மாதிரி. சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

திரும்பும்போது பிள்ளை கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கயிறு நனையவே இல்லையே என்றார் மலாயில். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தாளில் எலுமிச்சை மஞ்சளுக்கும் குறைவான ஒரு சாயல். வடக்கு ஜன்னலில் வைத்துப் பார்த்தார் ஐயா. “நல்ல தண்ணி” என்று கையெழுத்துப் போட்டார். டிரெசருக்கு நிம்மதி. தண்ணீரில் ஒன்றுமில்லை, உடம்பில் சூடு, சத்து மாத்திரை போடு, தண்ணீர் நிறையக் குடி என்று வீரப்பனிடம் சொன்னார். இதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நிறையக் குடி. அவன் சொன்னபடி கேட்கிற ஆள். வாளியோடு அண்ணாந்து குடித்திருப்பான்.

மெர்டேக்கா வந்தது. ஊர் முழுக்கக் கொடி. கூடத்துக்கு விடுமுறை. திடலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தொண்டை கட்டக் கத்தினேன். ஒரு தேசம் பிறப்பதைப் பார்க்கிற காலத்தில் பிறந்திருக்கிறேன் என்று நெஞ்சு விம்மியது. அன்று ராத்திரி ஒரு கவிதைகூட எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

சில வாரம் கழித்து அஞ்சலை பஸ் ஏறி நகரத்துக்கு வந்தாள். கூடத்து வாசலில் நின்றாள். நெற்றியில் பொட்டில்லை. கையில் பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு கட்டு.

“அவரு போயி பதினாறு ஆச்சுங்க ஐயா.”

கட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். நெற்கதிர்கள்.

“வயல்ல எல்லாக் கதிரும் இப்படித்தான் நிக்குது. தலை சாயவே இல்ல. அவரு சாகறதுக்கு மொத நாளுகூட கேட்டாரு, கதிரு சாஞ்சிடுச்சான்னு. சாஞ்சிடுச்சுன்னு பொய் சொன்னேன்.”

ஐயா உள்ளேயிருந்து வந்தார். ஒரு கதிரை எடுத்து நகத்தால் நசுக்கினார். காற்று. இன்னொன்று. காற்று. எல்லாம் பதர். கனமில்லாத கதிர் எப்படிச் சாயும்? மருந்தடித்த நிலத்தில் தண்ணீர் கட்டி நெல் போட்டால் இப்படி விறைத்து நிற்கும் என்று எங்கோ படித்திருந்தார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “நானும் வாறன்” என்றார்.

இரண்டாவது முறை நானே மொண்டேன். நம் கயிறு, நம் வாளி. ஐயா பக்கத்தில் நின்றார். வாளியில் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. பார்க்கப் பார்க்க மஞ்சளாகக் கலங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தச் செம்பு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தக் கசடு எல்லாம் அவள் குடத்தின் அடியில் தங்கியிருக்கும். தண்ணீரில் கரைந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகி இறங்கும்போது, ஆர்செனிக்கில் பெரும்பகுதியைக் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். மிச்சக் கலங்கலையும் தேற்றாங்கொட்டை இறக்கியிருக்கும். அதனால்தான் குடத்துத் தண்ணீர் குடித்த அவள் நடமாடினாள். அதனால்தான் என் தாள் மஞ்சளாகக்கூட ஆகவில்லை. நான் சோதித்தது கிணற்றை அல்ல. அவள் மரியாதையை.

தாள் இந்த முறை பழுப்பு. காய்ந்த ரத்தத்தின் பழுப்பு. அளவுத் தாள் எதிலும் அந்த நிறம் இல்லை.

ஐயா அலமாரியைத் திறந்தார். சோதித்த போத்தல்களை ஒரு வருஷம் வைத்திருப்பது வழக்கம். முதல் போத்தலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“வாசியும்.”

ஊர் வாசித்தேன். கிணறு. நாள். என் பெயர். “நானே நேரில் மொண்டேன்.”

“ஓமோ?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தார். உண்மைதானா என்று அவர் கேட்டது ஒரே ஒரு முறை.

“ஓம் ஐயா.”

நம்பினார். அதுதான் கொடுமை. நம்பியதால் அவருக்கு ஒரு புதிர் பிறந்தது. நல்லாயிருந்த கிணறு சில மாதத்தில் எப்படி இப்படி ஆகும்? பள்ளத்து மண்ணை எடுத்து இரண்டு ஜாடியில் போட்டார். இரண்டிலும் தண்ணீர், கொஞ்சம் வைக்கோல். ஒன்றை மட்டும் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தார். இரண்டையும் மூடி வைத்துக் காத்திருந்தார். வாரங்கள் போயின. வெந்த மண்ணின் தண்ணீர் தாளை ஏறக்குறைய வெள்ளையாகவே விட்டது. வேகாத மண்ணின் தண்ணீர் தாளைப் பழுப்பாக்கியது. அந்த ஜாடியைத் திறந்தபோது மெல்ல ஒரு வாசம். பூண்டு.

“நஞ்சுக்குக் கால் இல்லைக் காணும்” என்றார், அவருக்கு அபூர்வமான உற்சாகத்தோடு. “ஆரோ தூக்கிக்கொண்டு போகினம். உயிருள்ள ஆரோ. கண்ணுக்குத் தெரியாத கிருமியள். மண் காய்ஞ்சு கிடந்தால் துருவோடை ஒட்டிக்கொண்டு நஞ்சு பேசாமல் கிடக்கும். தண்ணி கட்டினால் காத்து இல்லை. காத்து இல்லாத இடத்திலை வாழுற கிருமி வைக்கோலைத் தின்னும், துருவை மூச்சுக்கு எடுக்கும், துரு கரையும், நஞ்சு விடுபடும். வேருக்குப் போகும், கிணத்துக்குப் போகும். கொஞ்சம் வாயுவாய் மேலையும் போகும். அதுதான் பூண்டு வாசம். விளங்குதோ?”

விளங்கியது. வரப்புப் போட்டுத் தண்ணீர் கட்டிய வீரப்பனின் கை தெரிந்தது. ஒரு பிடி நெல்லுக்காக அவன் மண்ணின் அடியில் தூங்கியவற்றை எழுப்பியிருந்தான். அவன் தப்பு அதில் என்ன? மேலே மருந்தடித்தவர்கள் அடித்தார்கள். கீழே கிருமிகள் தம் பசிக்குத் தின்றன. பார்த்துச் சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான். அவன் கயிற்றை நனைக்கவில்லை. மெர்டேக்கா ராத்திரி எழுதிய கவிதையை அன்றுதான் கிழித்தேன்.

ஐயாவின் அறிக்கை அழகான அறிக்கை. கிணறு மூடப்பட்டது, வயலை உலர விட்டார்கள், மேட்டில் வேறு கிணறு வெட்டினார்கள். எல்லாம் சரி. ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. முதல் சோதனையில் தண்ணீர் நன்றாக இருந்ததால், கசிவு அதற்குப் பிறகே தொடங்கியிருக்க வேண்டும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு டிரெசர் தன் பதிவேட்டில் எழுதினார்: வீரப்பனின் நோய் அதற்கு முன்பே இருந்தது, ஆகவே தண்ணீரால் வந்ததல்ல.

அஞ்சலைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. எதுவும் கேட்டு வாங்க வரவில்லை. தண்ணியாலதானா என்று தெரிய வேண்டும். தான் சொன்னது சரிதானா என்று. அவ்வளவுதான்.

புதுக் கிணற்றின் முதல் மாதிரி எடுக்கப் போன அன்று அவளே வந்து கேட்டாள்.

“ஐயா, மொத தடவ நல்லா இருந்த தண்ணி எப்படிங்க கெட்டுச்சு? அவரு அப்பவே படியில உக்காந்திட்டாரே.”

மழைக்கப்புறம் தண்ணி மாறும்மா என்றேன். நீ தெளிய வைத்ததால்தான் என்று சொன்னால் அவள் உடைந்துபோவாள், அதனால் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் உடைந்துபோவாள் என்பதல்ல, நான் உடைந்துபோவேன் என்பதுதான்.

அவள் உள்ளே போனாள். அதே செம்பு. புளி போட்டு விளக்கியிருந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

“குடிங்கய்யா. புதுக் கெணத்துத் தண்ணி.” செம்பை என் கையில் வைத்தாள். “தெளிய வைக்கலீங்க. அப்படியே மொண்டது.”

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. குடித்தேன். கடைசிச் சொட்டுவரை குடிக்க வேண்டும் என்று தோன்றியது. செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

கனகசபை ஐயா ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். வருஷம் ஒரு கடிதம் வரும். ஒன்றில் எழுதியிருந்தார்: அந்தக் கிணறு மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை, அவ்வளவு கெதியில் எப்படி மாறியது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தேன். சுகமா, மழை உண்டா என்று எழுதி அனுப்பினேன். அவர் யோசித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

ரமணி, எல்லாரும் ஒரே பதில் எழுதியிருக்கிறார்கள் என்றாயே. அதனால்தான் அந்தக் கட்டம் வேண்டும். காலையில் மேசையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். கயிறு நனைந்த பிறகு, முட்டிமேல் வைத்து, கிறுக்கலாக எழுதுங்கள். மை ஊறட்டும்.

பழைய அலமாரியில் அந்தத் தோட்டத்து ஃபைல் இருக்கும். அதில் முதல் தாளை எடுத்து, என் கையெழுத்தில் இருக்கும் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே இதை எழுதி ஒட்டு. அழகாக எழுத வேண்டாம்.

எடுத்தவர்: அஞ்சலை. எடுத்த விதம்: காலையில் மொண்டு, தேற்றாங்கொட்டை உரசித் தெளிய வைத்து, செம்பில் கொடுத்தது. வீரப்பன் குடித்தது இந்தத் தண்ணீர் அல்ல.